வளைவும் குறுக்கும்

மலைநாட்டிலே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் செல்ல எப்பொழுதும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வளைவு, மற்றது குறுக்கு. மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி மெல்ல உயரும் தோட்டத்து ரோட்டை வளைவு என்போம். அந்த ரோட்டின் ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்புக்குத் தேயிலை நிரைகளின் ஊடே நேரே ஏறிவிடும் ஒற்றையடிப் பாதை குறுக்கு. வளைவை அளந்து வெட்டுவித்தவர்கள் துரைமார்கள். குறுக்கை அளந்தவர் எவருமில்லை. விடியற்காலையிற் பிரட்டுக்களத்துக்கும், அங்கிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து நிறுக்குமிடத்துக்கும், அந்தியில் லயத்துக்குமாக நடந்த கால்களே அதனை ஆக்கின.

கினிகத்தேனையைச் சேர்ந்தவனாகிய நான், பல்கலைக்கழக விடுமுறைகளிலே எங்கள் பகுதியின் வளைவுகளில் துவிச்சக்கரவண்டி மிதித்து வருகின்றேன். அவ்வாறு சென்ற வழிகளுள் மூன்றினைப் பற்றி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆயினும் வழியைப் பற்றி எழுதப் புகுபவன், அவ்வழி யாருடையது என்னும் வினாவைத் தவிர்த்துச் செல்லுதல் இயலாது. அவ்வினாவுக்கும் இங்கே இடமளித்திருக்கின்றேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வரும் நண்பர்களுக்குத் துவிச்சக்கரவண்டி உடலின் ஓர் உறுப்பைப் போன்றது. பாடசாலை, சந்தை, கோயில் யாவும் அவர்களுக்கு மிதிதூரத்திலேயே அமைந்திருந்தன. மலையகத்து மாணவர் பலருக்கு வண்டி மிதிக்கவே தெரியாது என்று கேட்டு அவர்கள் வியப்பர். வியப்பதற்கு ஏதுமில்லை. ஏற்றத்தில் மனிதன் வண்டியைச் சுமக்க வேண்டும், இறக்கத்தில் வண்டி மனிதனைக் கொண்டுபோய்ப் பள்ளத்திற் சேர்க்கும் என்பதே எங்கள் ஊர்ப் பெரியவர்களின் தீர்ப்பு. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி அத்தீர்ப்பைச் சற்றே தளர்த்தியது. எரிபொருள் நிலையங்களின் முன்னே வரிசைகள் நாட்கணக்கில் நீண்டபொழுது, கொழும்பிலே கடையொன்றில் வேலை செய்த என் மாமா, பழைய மலைச் சைக்கிள் ஒன்றினை வாங்கினார். நெருக்கடி தணிந்ததும் வண்டி கினிகத்தேனைக்கு வந்து சேர்ந்தது. அதன்பின் அது என்னுடையதாயிற்று.

மலைச் சைக்கிள் என்பது தனியானதோர் இனம். 1970களிலே கலிபோர்னியாவின் மரின் பகுதியைச் சேர்ந்த இளைஞர் சிலர், கனத்த பழைய வண்டிகளை மலையுச்சிக்கு ஏற்றிச் சென்று காட்டுப் பாதைகளில் இறக்கி விளையாடிய விளையாட்டிலிருந்து அது பிறந்தது. தடித்த சக்கரமும், ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஏற்ப மாற்றத்தக்க பற்சக்கரங்களும், ஈரத்திலும் பிடிக்கும் தடுப்புகளும் அதன் இலட்சணங்கள். பின்புறத்துப் பெரிய பற்சக்கரத்துக்குச் சங்கிலியை மாற்றிவிட்டால் காலுக்குப் பாரம் குறையும். ஆனால் அதே தூரத்துக்குப் பன்மடங்கு மிதிக்க வேண்டும். சுமையைக் குறைத்துக் காலத்தை நீட்டும் இந்த உபாயமும், தோட்டத்து வளைவு மலையேறும் உபாயமும் ஒன்றே. வண்டியும் ரோட்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்வது அதனாலேதான் போலும்.

கினிகத்தேனை என்ற சிங்களப் பெயருக்கு நெருப்புப் பிடித்த சேனை என்பது சொற்பொருள். நெருப்பின் பெயர் தாங்கிய இவ்வூரும் அயலூராகிய வட்டவளையும் இலங்கையின் அதிகூடிய மழைபெறும் இடங்களைச் சேர்ந்தவை. ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றரையும் தாண்டுவதுண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் முதலில் மோதுமிடம் இது. வைகாசியில் தொடங்கும் மழை புரட்டாதி வரையில் ஓயாது. அக்காலத்திலே தோட்டத்து ரோட்டில் வண்டி ஓட்டுவது வீரமாகலாம், விவேகமாகாது. செம்மண் சேறு சக்கரத்தைப் பற்றும், கல்லிலே பாசி படரும், அட்டைகள் காலேறும். வண்டிக்குரிய காலம் தை முதல் பங்குனி வரையிலான வெயிற்காலமே. பாதை காய்ந்திருக்கும்போது மாத்திரம் செல்ல வேண்டுமென்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஈரமண்ணிலே சக்கரம் கீறிய கோட்டில் அடுத்த மழை ஓடையாய்ப் பாயும். அந்த ஓடை அரித்துச் செல்லும் மண், தோட்டத்துக் கான்களை வெட்டியவர்கள் காத்துவைத்த மண்ணாகும்.

முதலாவது வழி எல்லோரும் அறிந்தது. அவிசாவளையிலிருந்து ஹற்றன் வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் பெருந்தெரு, கினிகத்தேனைக் கணவாயிலிருந்து கித்துல்கல நோக்கி இறங்கும் பகுதி அது. காலை ஆறு மணிக்கு முன்னர் இறங்கிவிட வேண்டும். பின்னர் பாரவூர்திகளும் சுற்றுலா வாகனங்களும் வளைவுகளை நிறைத்துவிடும். இறங்க இறங்கக் குளிர் விலகும். காற்றின் மணம் மாறும். தேயிலை குறைந்து ரப்பர் மரங்கள் தோன்றும். கித்துல்கலையில் களனி ஆறு கல்லிற் புரண்டு ஓடுகிறது. 1957 இல் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்துக்காக அங்கே பாலம் கட்டித் தகர்த்த கதையை இன்றும் தேநீர்க் கடைகளிற் சொல்வார்கள்.

அந்த ரப்பர் மரங்களின் நிழலில் வண்டியை நிறுத்தி இளைப்பாறும் போதெல்லாம் ஒரு சிந்தனை எழும். ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஸ்டோன்ஹேவன் என்ற ஊரிலே 1822 இற் பிறந்த ரொபர்ட் வில்லியம் தொம்சன், காற்றடைத்த சக்கர உறைக்கு 1845 இற் காப்புரிமை பெற்றார். அவரது காலத்தில் அது பயனுக்கு வராமற் போயிற்று. 1888 இல், பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த மற்றொரு ஸ்கொட்லாந்தியர் ஜோன் பொய்ட் டன்லப், தம் மகனின் முச்சக்கர மிதிவண்டிக்கென அதனை மீண்டும் கண்டுபிடித்தார். அதன்பின் துவிச்சக்கரவண்டி உலகெங்கும் பரவியது. பின்னர் மோட்டார் வாகனம் வந்தது. ரப்பருக்குப் பெருந்தேவை உண்டாயிற்று. 1876 இல் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடையில் நடப்பெற்ற கன்றுகளின் வழித்தோன்றல்கள் இத்தாழ்சரிவுகளை மூடின. சக்கரத்துக்காக மரம் நடப்பெற்றது. மரத்துக்காக மனிதர் கொண்டுவரப்பட்டனர்.

ஸ்டோன்ஹேவன் அமைந்துள்ள கின்காடின் மாவட்டத்திலேதான் 1835 இல் ஜேம்ஸ் டெய்லரும் பிறந்தார். 1852 இல் இலங்கைக்கு வந்து, 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலையை வணிகப் பயிராக நட்டவர் அவர். அவருடைய தந்தையார் வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். கீழே ரப்பர், மேலே தேயிலை என்று எங்கள் கணவாயின் இரு பகுதிகளையும் பசுமையாக்கிய இரண்டு கதைகளும் தூரத்து மாவட்டம் ஒன்றின் பக்கத்துப் பக்கத்து ஊர்களிலிருந்து தொடங்கியிருக்கின்றன. திரும்பி மேலேறும்போது, ஒவ்வொரு வளைவிலும் இறங்கி மூச்சு வாங்கியபடி இவ்வொற்றுமையை எண்ணிப் பார்ப்பேன். எண்ணுவதற்கு அந்த ஏற்றத்திலே காலம் தாராளமாக உண்டு.

இரண்டாவது வழி, கினிகத்தேனையிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் நோக்கிச் செல்வது. கெசல்கமு ஓயாவின் பள்ளத்தாக்கினை ஒட்டிச் செல்லும் இவ்வழியிலே அபர்டீன் நீர்வீழ்ச்சி இருக்கின்றது. 98 மீற்றர் உயரத்திலிருந்து விழும் இவ்வருவியைக் காண்பதற்கு வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டுப் படியிறங்கி நடக்க வேண்டும். அபர்டீன் ஸ்கொட்லாந்தின் பெருநகரங்களுள் ஒன்று. ஹற்றன் என்ற பெயரிலும் அபர்டீன் மாவட்டத்திலே ஓர் ஊர் உண்டு. ஸ்ட்ரத்டன், டன்கெல்ட், இன்வெரி, டன்சினன் என்று எங்கள் தோட்டங்களின் பெயர்ப்பலகைகளை வரிசையாக வாசித்தால் ஸ்கொட்லாந்தின் தேசப்படத்தை வாசிப்பது போலிருக்கும். ஊரை விட்டு வந்தவர்கள் ஊரின் பெயரைத் தம்முடன் கொண்டுவருவது இயல்பு. எம் மூதாதையரும் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்ப் பெயர்களை நெஞ்சிலே சுமந்துதான் வந்தனர். ஆனால் அவர்களுக்குப் பெயர்ப்பலகை நாட்டும் அதிகாரம் இருக்கவில்லை.

இந்த ஆற்றைக் கண்டுதான் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, அபர்டீன், லக்சபான ஆகிய அருவிகளின் நீர்வலுவால் நாட்டுக்கே மின்சாரம் வழங்கலாம் என்று 1918 இல் ஆய்வுரை எழுதினார். பல ஆண்டுத் தாமதத்தின் பின் 1950 இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. நோட்டன் அணைக்கட்டின் மேல் நின்று பார்த்தால், குழாய்வழி இறங்கும் நீரும் மலையைத் தாண்டிச் செல்லும் மின்கம்பிகளும் தெரியும். அக்கம்பிகள் முதலிற் கடந்து சென்றது லயங்களின் கூரைகளைத்தான். அக்கூரைகளுக்குக் கீழே மின்விளக்கு எரிய இன்னும் பல பதிற்றாண்டுகள் கழிய வேண்டியிருந்தது. தன் வீட்டின் மேலாகச் செல்லும் ஒன்று தன்னுடையதாகாமலிருப்பது எங்கள் மக்களுக்குப் புதிதன்று. வழியும் அப்படித்தான்.

மூன்றாவது வழியே என் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது. பெருந்தெருவை விட்டு விலகி, தோட்டத்து ரோடுகள் வழியாகவே பிரிவுக்குப் பிரிவு தாண்டி வட்டவளைப் பக்கம் செல்வது அது. இவ்வழிக்குப் பெயருமில்லை, வரைபடமுமில்லை. தேநீர்க் கடையில் ஒருவரைக் கேட்டு ஒரு பிரிவுக்கும், அங்கே ஸ்டோர் வாசலில் இன்னொருவரைக் கேட்டு அடுத்த பிரிவுக்குமாகச் செல்ல வேண்டும்.

இந்த ரோடுகளின் அமைப்பைச் சற்று நுணுகி நோக்குதல் தகும். மலைநாட்டுத் தோட்டங்களின் ஆதி ரோடுகள் தேயிலைக்கு முந்தியவை. கோப்பிக் காலத்திலே, கோப்பி மூடைகளை மாட்டு வண்டியில் இறக்குவதற்காக அவை வெட்டப்பட்டன. மாடு இழுக்கத்தக்க சரிவு, துரையின் குதிரை மூச்சிரைக்காத சரிவு என்பவையே அளவுகோல்கள். 1869 இல் கோப்பியிலே இலைநோய் தோன்றிப் பின்னர் அப்பயிர் அழிந்தொழிந்தது. ரோடுகள் மட்டும் தேயிலைக்கு எஞ்சின. மாட்டுக்கும் குதிரைக்கும் இரங்கிய அந்தச் சரிவு இன்று சைக்கிள்காரனுக்கும் இரங்குகின்றது. ஒரே பற்சக்கரத்திலே, ஒரே சீராக, மூச்சு முட்டாமல் ஒரு மலையை ஏறி முடிக்கலாம். கீழே திரும்பிப் பார்த்தால் வந்த ரோடு ஐந்தாறு மடிப்பாகக் கிடக்கும்.

அம்மடிப்புகளை ஊடறுத்து ஏறும் குறுக்குகளுக்கு அத்தகைய இரக்கம் கிடைத்ததில்லை. இருபது கிலோ கொழுந்தோடு நிறுவைக்கு ஓடும் பெண்ணுக்கு வளைவிலே சுற்றிச் செல்ல நேரமில்லை. ஆகவே அவள் குறுக்கிலே ஏறினாள். பாதங்கள் பதிந்த இடத்திற் கல்லை வைத்துப் படியாக்கினாள். துரையின் வழி உடலைக் காத்துக் காலத்தைச் செலவிட்டது. தொழிலாளியின் வழி காலத்தைக் காத்து உடலைச் செலவிட்டது. என் அம்மாயியின் முழங்கால்கள் அந்தக் கணக்கின் மீதி. அவர் பெயர் பதிந்து கொழுந்தெடுத்த முப்பது ஆண்டுகளில் வளைவிலே நடந்தது திருவிழாக் காலங்களிலே தேர் வரும்பொழுது மாத்திரந்தான் என்று சொல்வார். எங்கள் பிரிவின் குறுக்குகளுக்கெல்லாம் அவர் பெயர் சொல்வார்: முனியாண்டி ஏத்தம், பீலிக்கரைக் குறுக்கு, புள்ளக்காம்பரா வழி. பிள்ளைகளைப் பிள்ளை மடுவத்தில் விட்டுச் செல்லும் தாய்மார் நடந்தது அந்தக் கடைசி வழி. இவற்றுள் ஒன்றேனும் எந்த வரைபடத்திலும் இல்லை.

அதே வழியிலே, வேறொரு தோட்டத்தின் எல்லையில் ஒருமுறை காவற்காரர் ஒருவர் எங்களை மறித்தார். நானும் இரு நண்பர்களும் வண்டிகளைவிட்டு இறங்கினோம்.

“எங்க தம்பி போறீங்க? ஆபீசுல கடுதாசி வாங்கினீங்களா?”

“இல்லண்ணே. இந்த ரோட்டால அந்தப் பக்கம் எறங்கிப் போயிருவோம். எங்கயும் நிக்க மாட்டோம்.”

“வெளியாளுக வந்தா உடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. எனக்கு என்ன பண்ணச் சொல்றீங்க?”

ஊர் எது, யார் வீட்டுப் பிள்ளை என்று பின்னர் விசாரித்தார். அம்மாயியின் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. அம்மாயி முன்பு அவருடைய தாயாரோடு ஒரே நிரையிற் கொழுந்தெடுத்தவராம்.

“அந்த அக்கா பேரனா நீங்க? சரி, போங்க தம்பி. மேல யாராச்சும் கேட்டா நான் பாக்கலேன்னு சொல்லிருவேன்.”

அவருடைய அன்பை நான் மறக்கவில்லை. அவர் தம் வேலைக்கு அஞ்சி மறித்தார். உறவுக்கு இரங்கி விட்டார். இரண்டும் நியாயமே. ஆயினும் அந்த இறுதி வாக்கியம் இறக்கம் முழுவதும் என் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. எங்கள் பாட்டிமார் நடந்து ஆக்கிய மலையிலே, அவர்களின் பேரர் கடந்து செல்வதற்கு உள்ள ஒரே அனுமதி, காவலர் காணாமலிருப்பது. உரிமையாக வராதது தயவாக வந்தது; தயவும் ஒளிந்துகொண்டுதான் வந்தது.

தோட்டங்களின் பெயர்கள் தூண்டிய ஆர்வத்தால் ஸ்கொட்லாந்தைப் பற்றி நூலகத்திலே தேடி வாசித்த வேளையில், இதே வினா அங்கேயும் எழுந்து வேறு விதமாக விடைபெற்றதை அறிந்தேன். டெய்லர் பிறந்த மாவட்டத்தின் அண்டை மாவட்டமாகிய அங்கஸிலே கிளென் டோல் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. அதன் வழியாக மலையைக் கடந்து பிரேமார் என்னும் ஊருக்குச் செல்லும் பழைய பாதையை ‘ஜொக்கின் வழி’ என்கின்றனர். 1880களிலே அந்நிலத்தை வாங்கிய செல்வர் ஒருவர் பாதையை மூடினார். ஸ்கொட்லாந்தின் வழியுரிமைச் சங்கம் வழக்காடியது. 1888 இல் பிரபுக்கள் சபை வரை சென்ற அவ்வழக்கிலே சங்கமே வென்றது. வெற்றிக்கு ஆதாரமாயிருந்தவை சாசனங்களல்ல. செம்மறிகளைச் சந்தைக்கு ஓட்டிச் சென்ற மேய்ப்பர்களின் சாட்சியம். “நாங்கள் இவ்வழியே நடந்தோம்” என்று அவர்கள் சொன்னதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்த இயக்கத்தின் பயனாக, 2003 இல் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் காணிச் சீர்திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. நிலம் யாருடையதாயினும், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் அதன் மீது நடந்தோ, குதிரையிலோ, துவிச்சக்கரவண்டியிலோ செல்லலாம் என்று அச்சட்டம் கூறுகின்றது. மோட்டார் வாகனங்களுக்கு அவ்வுரிமை இல்லை. வீடும் அதன் முற்றமும் விதைத்த வயலும் விலக்குகள். இன்று அந்நாட்டின் மலைப்பாதைகள் சைக்கிள்காரரின் யாத்திரைத் தலங்களாக விளங்குவதற்கு இவ்வுரிமை பெருந்துணையாய் இருக்கின்றது. 2023 இல் உலகச் சைக்கிளோட்டப் போட்டிகள் ஸ்கொட்லாந்தில் நடந்தபொழுது, மலைச் சைக்கிள் பந்தயங்கள் போர்ட் வில்லியத்திலும் கிளென்ட்ரெஸ் காட்டிலும் இடம்பெற்றன.

அதே 2003 ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றமும் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் அது. 1948 இல் எங்கள் மக்களிடமிருந்து பறிபோனதன் எஞ்சிய பகுதி அச்சட்டத்தினால் மீண்டது. ஸ்கொட்லாந்தியர் தம் நாட்டு மலைகளில் உலவும் உரிமையைச் சட்டமாக்கிய ஆண்டிலே, அவர்களின் முன்னோர் பெயரிட்ட மலைகளில் வாழும் நாங்கள் இந்நாட்டவர் என்பதே முழுமையாகச் சட்டமாயிற்று. இதைச் சொல்வது வன்மத்தினாலன்று. உரிமைகள் ஒன்றன்பின் ஒன்றாக, படிப்படியாகவே வருகின்றன. நாங்கள் எந்தப் படியிலே நிற்கின்றோம் என்பதை அறிந்துகொள்வதற்காகவே.

தோட்டத்து ரோடு யாருடையது என்ற வினாவுக்குக் காலந்தோறும் ஒரு விடை இருந்து வந்திருக்கின்றது. முன்பு கம்பனியுடையது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களின் பின் அரசுடையது. 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமையிலுள்ளது. உள்ளூராட்சி மன்றமோ நெடுங்காலம் அதனைத் தனதென்று கொள்ளவில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக விளங்கியது. 2018 இலேதான் அது திருத்தப்பட்டது. ஓட்டுப் போட்டுச் சபையைத் தெரிவுசெய்தவரின் வாசலுக்குச் சபையின் ரோடு வராத நிலை முப்பதாண்டுகள் நீடித்தது. அதன் விளைவை வண்டியின் கைப்பிடியிலே நான் உணர்கின்றேன். குழியும் கல்லுமாகக் கிடக்கும் அந்த ரோடு மலைச் சைக்கிளுக்கு மிக உகந்தது. கரடுமுரடு விளையாட்டுக்காரனுக்கு இன்பம். பிரசவ வேதனையோடு முச்சக்கர வண்டியிலே ஆஸ்பத்திரிக்குப் போகும் பெண்ணுக்கு அது நரகம். ஒரே குழிதான், அதைச் சுவைப்பவனும் அனுபவிப்பவளும் வேறு. மலைப்பாதையின் அழகைப் பாடுவோர் எவரும் இதனை மறந்து பாடலாகாது.

எமது பல்கலைக்கழகத்தின் முதுகுப்புறத்தே நிற்கும் ஹந்தானை மலையிலிருந்து இப்பொழுது ஒரு நெடும்பாதை தொடங்குகின்றது. ‘பெக்கோ ட்ரெயில்’ என்று பெயரிட்டு, ஐரோப்பிய ஒன்றியத்தினதும் அமெரிக்காவினதும் உதவியோடு அமைக்கப்பெற்ற அப்பாதை, பழைய தோட்டத்து ரோடுகளையும் ஒற்றையடிப் பாதைகளையும் இணைத்து, 22 கட்டங்களில், 300 கிலோமீற்றருக்கும் மேலாகச் சென்று நுவரெலியாவில் முடிகின்றது. லூல்கந்துர, நோர்வூட், பொகவந்தலாவை யாவும் அவ்வழியில் உள்ளன. நானும் அதன் முதற் கட்டத்திலே சென்றிருக்கின்றேன். அது நல்ல முயற்சி என்பதில் எனக்கு ஐயமில்லை. தோட்டங்களின் ஊடே அந்நியர் செல்லலாம் என்பது அதனால் ஒரு வழக்கமாகின்றது. வழக்கம் உரிமையின் முதற்படி. வழியோரத்திலே தேநீர் விற்பவருக்கும் வழிகாட்டும் இளைஞருக்கும் அதனால் வருவாய் உண்டு.

எனினும் இரண்டு காரியங்கள் கவனத்துக்குரியன. முதலாவது, லயத்தின் முற்றம் காட்சிப்பொருளன்று. பீலிக்கரையிலே குளிப்பவரும் வாசலிலே தலைவாருபவரும் தத்தம் வீட்டினுள் இருப்பவர்கள். இடமின்மையால் அவர்களின் வீடு வெளியே நீண்டிருக்கின்றது. ஸ்கொட்லாந்துச் சட்டம் வீட்டையும் முற்றத்தையும் விலக்கியதன் நியாயம் இங்கே இருமடங்காகப் பொருந்தும். இறக்கத்திலே மணியடிக்காமல் லயத்தைக் கடப்பவன் சைக்கிள்காரனல்லன், திருடன் என்பது எங்கள் மூவரின் விதி. குறுக்குகளிலே வண்டியை இறக்குவதில்லை என்பது மற்றொரு விதி. அப்படிகள் சுமையோடு ஏறுபவர்க்கு உரியவை.

இரண்டாவது, பாதைகளைப் புதிதாகக் கண்டுபிடித்ததாக எவரும் எண்ணலாகாது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து வந்தவர்களே இம்மலைகளுக்கு முதல் வழி சமைத்தவர்கள். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டவர்கள் பலர். அந்நடையை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28 இல் தலைமன்னாரிலே தொடங்கிய நடைபவனி, ஆகஸ்ட் 12 இல் மாத்தளையை அடைந்தது. மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி நிகழ்ந்த நடை அது. அதில் நடந்தவர்கள் எவரிடமும் கடுதாசி வாங்கி இத்தேசத்தைக் கடக்கவில்லை. “எங்கள் முன்னோர் இவ்வழியே நடந்தனர்” என்று பகிரங்கமாகச் சொல்லி நடந்தார்கள். கிளென் டோல் மேய்ப்பர்கள் நீதிமன்றத்தில் சொன்னதும் இந்த வாக்கியத்தையே.

ஆகவே மாணவராகிய எம்மால் இயன்ற ஒரு வேலை உண்டு. எமது ஊர்களின் குறுக்குகளுக்கும் வளைவுகளுக்கும் பெயர்கள் இருக்கின்றன; அப்பெயர்களை அறிந்தோர் முதுமை எய்திவிட்டனர். பீலிக்கரைக் குறுக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதனை யார் நடந்தார், எந்த வேலைக்காக நடந்தார் என்பனவற்றைக் கேட்டு எழுதி, வரைபடத்திலே குறித்து வைத்தல் வேண்டும். புவியியல் மாணவர் அளக்கலாம். வரலாற்று மாணவர் விசாரிக்கலாம். தமிழ் மாணவர் அச்சொற்களைத் தொகுக்கலாம். பிரதேச சபை ஒரு ரோட்டைப் பொதுவழியென ஏற்க முன்வரும் நாளில், அது பொதுவழியாகவே இருந்து வந்தது என்பதற்குச் சான்று வேண்டும். அச்சான்று இப்பொழுது எங்கள் பாட்டிமாரின் முழங்கால்களிலும் நாவிலும் மாத்திரமே இருக்கின்றது.

நான் தொடங்கிவிட்டேன். அம்மாயி சொல்லச் சொல்ல, பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றிலே எங்கள் பிரிவின் பதினொரு குறுக்குகளை வரைந்திருக்கின்றேன். அடுத்த வெயிற்காலத்தில் அயற்பிரிவுக்குச் செல்ல எண்ணம். அங்கும் காவற்காரர் ஒருவர் இருப்பார். அவரிடம் அனுமதி கேட்பேன். கேட்டபின், அவருடைய தாயார் நடந்த குறுக்கின் பெயரையும் கேட்பேன். அவர் சொல்வாராயின், எதையும் காணவில்லை என்று சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு ஒருநாள் இல்லாமற் போகும்.